விருந்தினர் இல்லமா, நாள் வாடகை வீடா?

ஒரு தொடர்மாடியில பத்து குடும்பம் நிரந்தரமா குடியிருக்க, நடுவுல ரெண்டு மூணு வீட்ட மட்டும் ஒன்லைன்ல போட்டு ரெண்டு நாளைக்கு மூணு நாளைக்குன்னு வெளியாளுக்கு விடுறாங்களே, அந்த வீட்டுக்குத் தமிழ்ல என்ன பேர்? இலங்கை மலையகத்துல, நுவரெலியாவுலயும் கண்டியிலயும் இப்ப நோட்டீஸ்ல, விளம்பரத்துல, வட்ஸ்அப் குரூப்புல எல்லாம் 'விருந்தினர் இல்லம்'னு போடுறாங்க. தங்க வாறவங்க 'விருந்தினர்', வீட்ட விடுறவர் 'விருந்தளிப்பவர்'. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இது பிழையான சொல், பிழைன்னு சொல்லி விட்டுடக்கூடிய பிழையும் இல்ல, ஆளுங்களுக்குக் கஷ்டம் குடுக்கிற பிழை, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

பொருள் லேசுதான். மாசக்கணக்கு ஒப்பந்தம் இல்லாம, ராவுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கி, சாமானோட முழு வீட்டயும் குடுக்கிறது. சீசனுக்கு பங்களா எடுக்கிறது நம்ம பக்கம் பழைய பழக்கம்தான். 2008ல, வீட்ட ஒன்லைன்ல நாள் கணக்குக்கு விட வழி செய்ற எயார்பிஎன்பி வந்த பிறகு சாதாரண குடியிருப்பு வீடும் அந்தக் கணக்குல சேர்ந்துடுச்சு.

இப்ப விருந்துக்கு வருவோம். விருந்துன்னா மூலத்துல புதுமை. தொல்காப்பியம் செய்யுளியல்ல புதுசாப் பாடுற செய்யுளுக்கே விருந்துன்னுதான் பேர். அதுல இருந்து புதுசா வாற ஆளுக்கு ஆகி, அவருக்குப் போடுற சாப்பாட்டுக்கும் ஆச்சு. இதத்தான் எதிர்ப்பக்கத்து ஆளுங்க பிடிச்சுக்கிறாங்க. "விருந்துன்னா புது ஆள்தானே, எயார்பிஎன்பியில வாறவரும் முன்னப் பின்ன தெரியாத புது ஆள்தானே, அப்ப விருந்தினர்தான் சுத்தமான சரியான சொல், சொந்தக்காரங்களச் சுற்றம்னுதான் சொல்லணும்"னு ஒருத்தர் என்கிட்ட வாதாடினார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேரப் பிடிச்சுத் தொங்குனாப் போதுமா, சொல் நடந்து வந்த தூரத்தப் பார்க்க வேணாமா? திருக்குறள்ல 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல், 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்'னு அதுல வருது, போற விருந்தக் கவனிச்சு அனுப்பிட்டு வாற விருந்துக்கு வழி பார்த்துக்கிட்டு நிக்கிறவன். அங்க புது ஆள்ங்கிறத விட பெரிய விசயம் ஓம்புறது, அதுக்கு விலை கிடையாது. விலை சொன்ன நிமிசமே அது விருந்து இல்ல, வியாபாரம். வியாபாரம் செய்றது தப்புன்னு நான் சொல்லல, அதுக்கு விருந்துன்னு பேர் வைக்கிறதத்தான் தப்புங்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துல வளர்ந்த யாருக்கும் இத விளக்கவே தேவையில்ல. லயத்துல, அதாவது தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீட்டுல, ஒத்தக் காம்பரா (ஒரே அறை), அதுக்குள்ளதான் முழுக் குடும்பமும், அதுக்கும் விருந்தாளி வந்துட்டா அவங்கள உள்ள படுக்க வச்சிட்டு வீட்டு ஆம்பளைங்க இஸ்தோப்புல (வெளித் திண்ணையில) குளிர்ல சுருண்டு படுப்பாங்க, பக்கத்துக் காம்பராவுல முட்டை கடன் வாங்கியாவது ஒரு நேரம் நல்ல சாப்பாடு போடுவாங்க. அந்தச் சொல்லத் தூக்கி, கதவுல நம்பர் பூட்ட மாட்டிட்டு கொழும்புல உக்காந்துக்கிட்டு போனுக்கு கோட் அனுப்புற ஏற்பாட்டுக்குக் குடுக்கிறது எனக்கு வயிறு எரியிற காரியம். அங்க விருந்த ஓம்ப ஆளே இல்லையே.

நடைமுறையில என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு மாடிவீட்டு வாசல்ல மூணு மொழியிலயும் நோட்டீஸ். தமிழ்ல 'விருந்தினர் இரவில் தங்குவதாயின் முன் அனுமதி பெறப்பட வேண்டும்'னு இருந்துச்சு. நாள் கணக்குல விடுற வீடுகளக் கட்டுப்படுத்தப் போட்டது அது. ஏப்ரல் சீசன்ல ரா ரெண்டு மணிக்குப் பெட்டிய இழுத்துக்கிட்டு வந்து அடுத்தவன் கதவத் தட்டுறது, எல்லாருக்கும் பொதுவான டேங்குத் தண்ணி விடியறதுக்குள்ள முடியிறது, குப்பையப் பிரிக்காம படிக்கட்டுல வச்சிட்டுப் போறதுன்னு மத்தவங்க பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் அந்த நோட்டீஸ் போட்டாங்க. ஆனா செக்கியூரிட்டி தம்பி நிப்பாட்டினது யாரத் தெரியுமா, பேரப்பிள்ளையப் பார்க்க மஸ்கெலியாவுல இருந்து பையோட வந்த அம்மாவ. அவன் செய்ததுல பிழையே இல்ல, நோட்டீஸ்படி அந்த அம்மாதான் விருந்தினர்! காசு குடுத்து வந்தவங்க 'புக்கிங்'னு சொல்லிட்டு நேரா மேல போயிட்டாங்க.

சட்டப்படி பார்த்தாலும் இந்தப் பேர் குழப்பம்தான். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதியிறப்ப கெஸ்ட் ஹவுஸ் ஒரு வகை, ஹோம்ஸ்டே ஒரு வகை, வாடகைக்கு விடுற அப்பார்ட்மென்ட் இன்னொரு வகை. ஹோம்ஸ்டேன்னா வீட்டுக்காரர் அதே வீட்டுல இருக்கணும். 'விருந்தினர் இல்லம்' ஏற்கனவே கெஸ்ட் ஹவுஸுக்கு ஊன்றிப்போன பேர். தொடர்மாடி வீட்டுக்கும் அதையே குடுத்தா எந்த வகையப் பத்திப் புகார் எழுதுறோம்னு கூட்டத்துல யாருக்கும் விளங்காது. தொடர்மாடி உரிமை பத்தின 1973ஆம் வருசத்து 11ஆம் இலக்கச் சட்டப்படி படிக்கட்டும் டேங்கும் கேட்டும் எல்லா உரிமையாளருக்கும் பொது, அதனால யார் வந்து போறாங்கன்னு கேக்கிற உரிமை எல்லாருக்கும் இருக்கு, கேக்கிறதுக்குச் சரியான சொல் வேணுமா இல்லையா?

மத்த பேர்களுக்கு ரொம்ப நேரம் வேணாம். 'விடுமுறை இல்லம்' வாறவருக்குச் சரி, பக்கத்து வீட்டுல காலையில ஆறு மணி பஸ்ஸப் பிடிக்கிற டீச்சருக்கு அது விடுமுறையா? 'குறுங்கால குத்தகை'ன்னு ஒரு கடிதத்துல கண்டேன். மலையகத்துல குத்தகைன்னா தோட்டத்த அரசாங்கத்துக்கிட்ட இருந்து கம்பனி வருசக்கணக்கா எடுத்திருக்கிறது, ரெண்டு ராவுக்குக் குத்தகைன்னா சொல்லே முழி பிதுங்குது.

தனித்தமிழ் ஆளுங்க 'குடிக்கூலி'ன்னு சொல்லுவாங்க. வாடகை வடமொழி பாடகத்தோட தொடர்புள்ளதுன்னு அகராதி சொல்லுது, குடிக்கூலி சுத்தத் தமிழ், சரி. சிங்களத்துல வாடகைக்கு விடுற போர்ட்ல 'குலியட்ட'ன்னு இருக்கிறதும் நம்ம கூலிதான். இருந்தாலும் ரெண்டு காரணத்துக்காக நான் ஒத்துக்க மாட்டேன். கூலின்னு கூப்பிட்டே எங்க பாட்டன் பூட்டன அவமானப்படுத்தினாங்க, அந்தச் சொல்ல வீட்டுக் கதவுல எழுத எங்க ஆளுங்களுக்கு மனசு வராது. அதவிட முக்கியம், குடின்னா நிலைச்சு இருக்கிறது. குடிவாறது, குடியிருக்கிறது, குடியுரிமை. 1948ல சட்டம் போட்டு எங்க மலையகத் தமிழ்ச் சனத்துக்கிட்ட இருந்து பறிச்சது அந்தக் குடியத்தான், அத மீட்க எத்தன தலைமுறை ஆச்சு. சனிக்கிழமை வந்து திங்கக்கிழமை போறவருக்குக் குடிங்கிற சொல்லக் குடுக்கவே கூடாது.

என்னோட முடிவு, நாள் வாடகை வீடு. நாட்சம்பளத்துக்கும் மாசச் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம்னு மலையகத்துல சின்னப் பிள்ளையும் சொல்லும், அதே வித்தியாசந்தான் நாள் வாடகைக்கும் மாச வாடகைக்கும். யாரும் அகராதி பார்க்கத் தேவையில்ல. வாடகை வடமொழியோட சேர்ந்ததா இருந்தா இருக்கட்டும், அது நம்ம வாயில ஊறின சொல், சுத்தத்த விட விளக்கம் எனக்குப் பெருசு. வந்து தங்குறவங்கள 'தங்குவோர்'னு எழுதுங்க, அதே நோட்டீஸ்ல 'நாள் வாடகைக்குத் தங்குவோர்'னு இருந்திருந்தா அந்த அம்மா வாசல்ல நின்னுருக்க மாட்டாங்க.

மொழிபெயர்க்கிறவங்ககிட்ட எனக்குப் பெரிய மனத்தாங்கல். இங்கிலீஷ்ல கெஸ்ட்னு இருந்தா உடனே விருந்தினர், அது கல்யாண வீடா, ஹோட்டலா, மாடிவீட்டுச் சட்டதிட்டமான்னு பார்க்கிறதே இல்ல. இங்கிலீஷ்காரன் காசு குடுத்துத் தங்குறவனையும் கெஸ்ட்னு கூப்பிடுறான், அது அவன் வழக்கம், நாம ஏன் அதுக்காக நம்ம விருந்தாளிய விக்கணும்? போர்ட் எழுதறதுக்கு முன்னால அந்தக் கட்டடத்துல இருக்கிற ஒரு தமிழ் ஆள்கிட்ட வாசிச்சுக் காட்டினா அஞ்சு நிமிசத்துல சரியாகிற வேலை. அப்படிக் கேட்டிருந்தா 'விருந்தளிப்பவர்'ங்கிற சொல்லே பிறந்திருக்காது. ஒரு கோப்பை தேத்தண்ணி கூடக் குடுக்காம சாவியக் குடுத்து வாடகை வாங்குறவர் வீட்டுக்காரர், அவ்வளவுதான், மாசத்துக்கு விட்டாலும் நாளைக்கு விட்டாலும்.