ஆத்து வாயில மூச்சு விடுற சத்தம்

மலேசியாவுல பாகான் செராய் பக்கத்துல கிளினிக் வச்சிருக்கேன், தோட்டத்துல எல்லாருக்கும் நான் மாட்டு டாக்டர்தான். தினமும் வர்றது ஆடு, மாடு, நாய்க்குட்டி. ஆனா படிக்கிற காலத்துல டால்பின் கணக்கெடுக்கப் போறவங்களோட போட்டுல சுத்தியிருக்கேன்னு ஊருக்கே தெரியும், அதனால லும்பா-லும்பா, அதான் டால்பின், பத்தி என்ன வாட்சாப் வந்தாலும் கடைசில என் போனுக்கு வந்துடும்.

இப்ப சுத்துற வீடியோவுல "அமேசான் பிங்க் டால்பின் கோலா செபெத்தாங்குக்கு வந்துடுச்சு"ன்னு போட்டிருக்காங்க. வீடியோ நிஜம்தாங்க, அமேசான்தான் தப்பு. அது நம்ம மாத்தாங் பாக்காவ் காட்டு (கடலோர சதுப்பு நிலக் காடு) ஓரத்துலயே இருக்குற கூன் முதுகு டால்பின். பிறக்கும்போது கருஞ்சாம்பலா இருக்கும், வயசாக வயசாக அந்தக் கருப்பு மங்கி உள்ள ஓடுற ரத்தத்தோட நிறம் வெளிய தெரியும், அதான் ரோஸ் கலர்.

அமேசான்ல இருக்குறது வேற ஜாதி, முழுக்க நல்ல தண்ணியில வாழுறது. மழைக்காலத்துல ஆறு காட்டுக்குள்ள ஏறினா அதுவும் கூடவே போய் மரங்களுக்கு நடுவுல மீன் புடிக்கும், கழுத்தெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்குறதால தலைய நல்லா திருப்ப முடியும். கங்கையில இருக்குற டால்பினுக்கு கண்ணுல லென்ஸே கிடையாது, வெளிச்சம் இருட்டு தெரிஞ்சா பெருசு, ஒருக்களிச்சு நீந்திக்கிட்டே சத்தம் விட்டு அது திரும்பி வர்றத வச்சு மீன தேடும்.

நம்ம பக்கம் இன்னொண்ணும் இருக்கு, அதப்பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க. ஐராவதி டால்பின். உருண்டை தலை, மூக்கு நீட்டம் இல்ல, முதுகுல சின்ன துடுப்பு. இங்க ஆத்து வாயிலயும் கரையோரத்துலயும் இருக்கு, மெக்கோங், மகாகாம், ஐராவதி ஆறுகள்ல இதே ஜாதி நல்ல தண்ணியிலயே வாழுது. மியன்மார்ல மீனவங்க படகுல தட்டி கூப்பிட்டா இது மீன்கள வலை பக்கம் ஓட்டிக்கிட்டு வரும்! மனுசனோட சேர்ந்து தொழில் பண்ற ஜீவன், அதையே வலைதான் கொல்லுது.

ஒரு அண்ணன், செம்பனை வெட்டுற வேலை, லீவு நாள்ல ஆத்து வாயில வலை போடுவாரு. ராத்திரி போட்டுட்டு வீட்டுக்குப் போய் தூங்கி காலைல போய் இழுத்தா உள்ள ஒரு ஐராவதி குட்டி செத்துக் கிடந்துருக்கு. எனக்கு போன் பண்ணாரு, குரலே சரியில்ல. போய் பார்த்தேன், வாய் ஓரத்துலயும் துடுப்புலயும் நைலான் நரம்பு வலை அறுத்த கோடு. "தண்ணியிலயே கிடக்குற ஜீவன், தண்ணியில எப்படி டாக்டர் சாகும்"னு கேட்டாரு.

நியாயமான கேள்வி. இது மீன் இல்ல, நம்மள மாதிரி நுரையீரல், பால் குடிச்சு வளருது. தலை உச்சில இருக்குற ஓட்டை வழியாத்தான் மூச்சு, அதுவும் நம்மள மாதிரி தானா ஓடாது, ஒவ்வொரு மூச்சுக்கும் அதுவே மேல வந்து ஓட்டைய திறக்கணும். தூங்குறப்ப கூட பாதி மூளை முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். வலையில மாட்டினா மேல வர முடியாது, மூச்ச அடக்கி அடக்கி பார்த்து அப்படியே உயிர் போயிடும். இதுவும் சத்தம் விட்டுத்தான் வழி தேடும், மெல்லிசு நைலான் நரம்புல அந்தச் சத்தம் சரியா பட்டு திரும்பாது, அதனால வலை இருக்குறதே அதுக்கு லேசுல தெரியாது. ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான், வருஷா வருஷம் போடவும் போடாது, போனா போனதுதான். மெக்கோங்ல 2020 கணக்குல 89தான் இருந்துச்சு. சீனாவுல யாங்சி ஆத்துல 2006ல தேடிப் போனவங்களுக்கு அந்த ஆத்து டால்பின் ஒண்ணு கூட கண்ணுல படல.

அதனால கெஞ்சி கேட்டுக்கிறேன், வலைய போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, பக்கத்துலயே இருங்க, புஸ்ஸுன்னு மூச்சு விடுற சத்தம் கேட்டா வலைய எடுத்துடுங்க, கிழிஞ்ச வலைய ஆத்துல வீசாதீங்க. 

சேத்துல உயிரோட ஒதுங்கி கிடந்தா வாலப் புடிச்சு இழுக்காதீங்க, வயிறு கீழ இருக்குற மாதிரி வச்சு, ஈரத்துணி போட்டு நிழல் குடுங்க, தலை ஓட்டைய மூடாதீங்க, அதுக்குள்ள தண்ணியும் ஊத்தாதீங்க. பாவம்னு உடனே தண்ணிக்குள்ள தள்ளி விடாதீங்க, காயமோ சீக்கோ இருந்துதான் ஒதுங்கியிருக்கும். மீன்வள இலாகாவுக்கு போன் போடுங்க. செத்ததா இருந்தா வெறுங்கையில தொட வேணாம், அதுகிட்டேர்ந்து மனுசனுக்கு ஒட்டுற கிருமி இருக்கு, கறி போடவே கூடாது, சட்டப்படியும் குத்தம்.

அப்புறம் அடுத்த தடவை எனக்கு வீடியோ அனுப்புறப்ப எடத்தையும் நேரத்தையும் போட்டு அனுப்புங்க, முடிஞ்சா முதுகுத் துடுப்பு பக்கவாட்டுல தெளிவா தெரியுற மாதிரி ஒரு படம். அதுல இருக்குற வெட்டு, தழும்ப வச்சுத்தான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடையாளம் காணுறாங்க.