வளைந்ததெல்லாம் ஒளியால் வளைந்ததல்ல

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதம் வந்தால் போதும், அதே வீடியோ மறுபடி வரும். கறுப்புப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் துண்டு, மேலே லேசர், துண்டு சுருள்கிறது. தலைப்பு: ‘ஒளியால் இயங்கும் பொருள்’. ஐயா, அது சூட்டில் சுருண்டது!

ஏ4 தாளின் ஒரு பக்கத்தை 8பி பென்சிலால் கருக்கி, மறுபக்கம் செல்லோடேப் ஒட்டி, ஹாலஜன் விளக்கடியில் வையுங்கள். அதுவும் தாள் பக்கமாக வளையும். டேப் சூட்டில் விரிகிறது, தாள் ஈரம் போய்ச் சுருங்குகிறது. பயனுள்ள வேலைதான். ஆனால் அதற்குப் பெயர் ஒளிவெப்ப இயக்கம்.

ஒளி பட்டால் வடிவம் மாறும் சாய மூலக்கூறான அசோபென்சீன் சங்கதி வேறு. யூவி (புற ஊதா ஒளி) பட்டால் மூலக்கூறே மடங்கி, 9 ஆங்ஸ்ட்ராம் (0.9 நானோமீட்டர்) நீளம் சுமார் 5.5 ஆகிறது. 2003இல் ஜப்பானில் இகேடா குழுவினர் காட்டிய அசோபென்சீன் பிலிம், போலரைஸ் செய்த, அதாவது ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய, 366 நானோமீட்டர் அலைநீள ஒளியின் அதிர்வுத் திசையிலேயே வளைந்தது. போலரைசரைத் திருப்பினால் வளைவும் திரும்பியது. 540 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியில் நிமிர்ந்தது. வெறும் சூடு இப்படித் திசை பார்த்து வளைக்காது.

எனவே உங்கள் பிலிம் ஒளியால்தான் வளைகிறதா என்று பார்க்க, முதலில் போலரைசரைத் திருப்பிப் பாருங்கள். அடுத்து, ஒளியில் எட்டிய அதே வெப்பநிலையில் இருட்டில் ஹாட்பிளேட்டில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே அளவு வளைந்தால் தலைப்பை மாற்றுங்கள். ‘தெர்மல் கேமராவில் சூடே காட்டவில்லை’ என்பார்கள். 15 மைக்ரான் பிலிம் வழியே அகச்சிவப்பு ஓரளவு ஊடுருவிவிடும். கேமரா பின்னாலிருக்கும் மேஜையையும் சேர்த்தல்லவா படிக்கிறது! விளக்கை அணைத்ததும் நிமிர்ந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, சூடுதான் காரணம் என்றும் முடிவுகட்ட முடியாது. அசோபென்சீன் குடும்பத்தைச் சேர்ந்த டிஸ்பர்ஸ் ரெட் 1 வகைச் சாயங்கள் தாமாகவே சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சாயத்தை அள்ளிப் போட்டால் அதிகம் வளையும் என்று யார் சொன்னது? அடர்த்தி கூடினால் யூவி மேலே ஓரிரு மைக்ரானிலேயே தீர்ந்துவிடும். மேல்தோல் சுருங்க, அடிப்பகுதி அப்படியே நிற்பதால்தான் வளைவே வருகிறது. 100 மைக்ரான் தடிமனில் அந்த அடிப்பகுதி கட்டைபோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 10 முதல் 20 மைக்ரானில் ஆரம்பியுங்கள்.

கண்ணைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 365 நானோமீட்டர் யூவி எல்இடியில் தெரியும் மங்கலான நீலம் வெறும் கசிவு. பெரும்பகுதி ஒளி கண்ணுக்கே தெரியாது; கண்மணியும் அதற்கேற்பச் சுருங்காது. யூவி400 கண்ணாடி (400 நானோமீட்டர் வரையிலான யூவியைத் தடுப்பது) போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். அதே கண்ணாடியை நம்பி 405 நானோமீட்டர் லேசர் பக்கமும் போகாதீர்கள். அதற்குத் தனிக் கண்ணாடி.