சிக்னல்: குறிகையும் அல்லகுறியும்

ஓசூர் சிப்காட் பக்கம் மோட்டார் ட்ரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பார்க்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு, "சிக்னல் போயிடுச்சு அண்ணே". ட்ரைவின் திரையில் சிக்னல் கண்காணிப்புக் கோளாறு என்று வந்தால் எல்லோரும் சொல்வது இதுதான்.

அடையாளம் என்று பொருள்படும் 'சிக்னும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது சிக்னல். சமிக்ஞை வடமொழி, சைகையும் அதே வேரின் திரிபு. தமிழுக்கு உரிய வேர் 'குறி'. வருகை, செய்கை போல அதிலிருந்து வருவது குறிகை. சைகை என்றால் யாரோ கையாட்டுவதுதான் கண்முன் வருகிறது, கம்பியில் ஓடும் மின்துடிப்புக்குக் குறிகைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சரி, ட்ரைவ் எதைக் கண்காணிக்கிறது? மோட்டார் தண்டோடு சேர்ந்து சுற்றி அதன் சுழற்சியை அளக்கும் கருவியான என்கோடர், ஒரு சுற்றுக்கு 1024 துடிப்பு என்கிற மாதிரி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏ, பி என்று இரண்டு வரிசை. ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி வரும். எது முந்துகிறதோ அதை வைத்துத் திசை தெரியும். பெரும்பாலும் ஒவ்வொரு வரிசைக்கும் தலைகீழ்ப் பிரதி ஒன்றும் கூடவே வரும். ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கம்பியில் ஏதோ கோளாறு என்று ட்ரைவ் மோட்டாரை நிறுத்திவிடும்.

ஆனால் 'சிக்னல் போயிடுச்சு' என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. குறிகை வராமல் போவது ஒன்று. அனுப்பாத குறிகை வந்ததுபோலத் தெரிவது இன்னொன்று.

இரண்டாவதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: அல்லகுறி. அகப்பாடல் மரபில், தலைவன் இரவில் வந்ததைத் தெரிவிக்க ஓசையால் குறி செய்வான். காய் தானாகக் குளத்தில் விழுந்த சத்தம் போன்ற ஒன்றை அவன் குறி என்று நம்பிப் போய்த் தலைவி ஏமாந்து திரும்புவதை 'அல்லகுறிப்படுதல்' என்கிறது தொல்காப்பியம். கம்பியில் தேவையில்லாமல் புகும் மின் இரைச்சலைத் துடிப்பு என்று எண்ணி ஏமாறும் ட்ரைவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு இரவு ஷிப்டில் நானே பார்த்தேன். என்கோடரை இரண்டு முறை மாற்றியும் ட்ரைவ் ட்ரிப் ஆனது, அதாவது கோளாறு காட்டி நின்றது, அதுவும் பக்கத்து மோட்டார் வேகம் எடுக்கும்போது மட்டும். பேனலைத் திறந்தால், என்கோடர் கேபிளின் ஷீல்டை, அதாவது இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்கும் உலோக வலையை, வால்போல முறுக்கி ஒரே ஸ்க்ரூவில் மாட்டியிருந்தார்கள். அந்தக் கேபிளும் பக்கத்து மோட்டாரின் பவர் கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டிக் கிடந்தன. ட்ரைவ் மின்சாரத்தை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பதால், அந்த இரைச்சல் பக்கத்துக் கம்பியில் தாவும். ஷீல்டை முழுச் சுற்றாகக் கிளாம்பில் பிடித்து, கேபிள்களைப் பிரித்துப் போட்டதும் ட்ரிப் நின்றது. என்கோடர் இரண்டும் நல்லவைதான்.

அதன் பிறகு லாக் புத்தகத்தில் பிரித்துத்தான் எழுதுகிறேன். 'குறிகை இழப்பு' என்றால் பிளக், கம்பி, என்கோடருக்குப் போகும் வோல்ட். 'அல்லகுறி' என்றால் ஷீல்டு, எர்த், கேபிள் பாதை. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் எதை முதலில் திறப்பது என்று என்னைக் கேட்பதில்லை.