மாதம் 20 ஆம்பூல் செலவாகும் மருந்து

இரவு 11.40க்கு நைட் ட்யூட்டி பார்மசிஸ்ட் தம்பி போன் செய்தான். "அக்கா, அட்ரோபின் கம்ப்யூட்டர்ல 60 காட்டுது. ரேக்ல 35தான் இருந்துச்சு. எல்லாத்தையும் குடுத்துட்டேன். கேஷுவாலிட்டில இன்னும் கேக்குறாங்க."

பூச்சிமருந்து விஷம் ஏறிய ஒரு விவசாயியைக் கொண்டுவந்திருந்தார்கள். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, நெஞ்சு முழுக்கச் சளி இரைச்சல். நான் மருந்து ஸ்டோர் பொறுப்புக்கு வந்து அப்போது நான்கே மாதம்.

இந்த விஷத்துக்கு எதிராகக் கொடுக்கும் அட்ரோபின் மிக மலிவான மருந்து. ஒரு ஆம்பூலில், அதாவது ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியில், 0.6 மில்லிகிராம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு ஒன்றோ இரண்டோ எடுப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் மாதச் செலவு சராசரியாக 20. மூன்று மாதத்துக்குப் போதுமான இருப்பு இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். பூச்சிமருந்து விஷம் வந்துவிட்டால் அந்தச் சராசரிக்கு எந்த அர்த்தமும் இல்லை. 3 ஆம்பூலில் தொடங்கி, நெஞ்சு தெளியும் வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பார்கள். 3, 6, 12, 24 என்று போனால் கால் மணி நேரத்தில் 45 ஆம்பூல். அதன் பிறகு, ஏற்றிய மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம் வரை மணிக்கு மணி டிரிப்பில் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூறிலிருந்து இருநூறு ஆம்பூல் வரை ஒரே நோயாளிக்கு.

நான்காவது டோஸுக்கு 24 தேவை. டாக்டர் கையில் 14தான் இருந்தது.

காணாமல்போன 25 எங்கே? முந்தின வாரம் தியேட்டரிலிருந்து யாரோ ஒரு பெட்டியை இண்டெண்ட் (ஸ்டோரில் மருந்து கேட்கும் சீட்டு) எழுதாமல் எடுத்துப்போயிருந்தார்கள். "நாளைக்கு எழுதிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள், எழுதவில்லை. தியேட்டர் சிஸ்டரை வீட்டிலிருந்து எழுப்பி, சாவி வாங்கி, பீரோவைத் திறந்து எடுத்தோம். அதற்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஆள் அனுப்பி, கையெழுத்துப் போட்டுக் கடனாக மேலும் வாங்கிவந்தோம். அந்த மனிதர் 11 நாளில் வீட்டுக்குப் போனார். அந்த இருபது நிமிடம் எனக்கு இன்னும் போகவில்லை.

மருத்துவமனை மருந்து வழங்கல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த அட்ரோபினைத்தான் சொல்வேன். நிர்வாகத்தின் கண் எப்போதும் விலை உயர்ந்த மருந்துகள் மேல் இருக்கும். ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், புற்றுநோய் ஊசிகள். நியாயம்தான், பணத்தில் பெரும்பங்கு அந்தச் சில மருந்துகளில்தான் முடங்குகிறது. இதைக் கணக்கிட ஏ.பி.சி. என்றொரு முறை உண்டு: பணம் அதிகம் விழுங்குவது 'ஏ', நடுத்தரம் 'பி', சில்லறை 'சி'. கூடவே இன்னொரு கணக்கும் போட வேண்டும். எது இல்லாவிட்டால் உயிர் போகும், எது இல்லாவிட்டால் சிகிச்சை தடுமாறும், எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்பது வி.இ.டி. முறை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அட்ரோபின், அட்ரீனலின், கால்சியம் குளுகோனேட், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் என்று, உயிர் தொங்கும் மருந்துகள் பலவும் 'சி' வரிசையில் கிடக்கும். மலிவு என்பதால் ஸ்டாக்கிஸ்டும் (மொத்த வியாபாரி) அவற்றை அதிகம் வைத்திருக்க மாட்டார். லாபம் குறைவு என்பதால் தயாரிக்கும் கம்பெனிகளும் சில. சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோட்டமினுக்கு மூலப்பொருள் தட்டினாலே போதும், ஊரில் இதய அறுவை சிகிச்சைப் பட்டியல் தள்ளிப்போகும்.

அந்த இரவுக்குப் பிறகு அட்ரோபினுக்கான குறைந்தபட்ச இருப்பைச் சராசரியை வைத்துப் போடுவதை நிறுத்தினேன். 'ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால்' என்று கணக்குப் போட்டு 400 ஆம்பூல் வைத்தேன். கணக்குப் பிரிவில் கேள்வி வந்தது, எக்ஸ்பைரி ஆகிவிடாதா என்று. ஆகும். சில பெட்டிகள் ஆகத்தான் செய்யும். நான் ஏற்றுக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்ட நஷ்டம் அது. பாம்புக்கடி மருந்துக்கும் இதே கணக்குத்தான். மழைக்காலத்துக்கு முன் வாங்கி வைக்காமல், கடி வந்தபின் தேடக் கூடாது.

மற்ற மருந்துகளுக்கு வழக்கமான கணக்கு போதும். ஒரு நாள் செலவு, ஆர்டர் போட்டால் வந்துசேர எத்தனை நாள், அதன்மேல் கொஞ்சம் காப்பிருப்பு. இது யாருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வராதது வார்டுகளின் மனசு. புதிதாகச் சேரும் எல்லோரும் வார்டு பீரோவைத் திறந்து பார்த்து அதிர்ச்சி அடைவார்கள். ஆன்டிபயாடிக், டிரிப் செட், வலி ஊசி எல்லாம் துணிக்கடியில் பதுங்கியிருக்கும். பாதி எக்ஸ்பைரி ஆகியிருக்கும். சிஸ்டர்களைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஒருநாள் மூத்த சிஸ்டர் ஒருவர் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு இல்லன்னு நீங்க ஒருதடவ சொன்னீங்கம்மா. அதுக்கப்புறம் நான் வெச்சுக்க ஆரம்பிச்சேன்." பதுக்கல் என்பது ஸ்டோர் மேல் நம்பிக்கை போனதன் அடையாளம். 2021 கோடையில் கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வெயிலில் நின்ற கூட்டத்திலும் இதே பயத்தைத்தான் பார்த்தேன். கேட்டது கேட்ட நேரத்தில் கிடைக்கும் என்று ஆறு மாதம் நிரூபித்துக் காட்டினால் பீரோக்கள் தானாகக் காலியாகும். எங்களிடம் காலியாயின.

குளிர்சாதனப் பெட்டி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின், ஆக்ஸிடோசின், சக்சினைல்கோலின், தடுப்பூசிகள் எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். உறைவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வைத்த இன்சுலின் உறைந்து கரைந்தால் பார்வைக்குப் பழுது தெரியாமலே போகலாம், நோயாளிக்குச் சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியவரும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அப்படியே. மருந்து வந்து இறங்கும்போது தெர்மகோல் பெட்டியைத் திறந்து, ஐஸ் பேக் எந்த நிலையில் இருக்கிறது, மருந்து நேரடியாக ஐஸைத் தொட்டுக்கொண்டிருந்ததா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டெலிவரி பையன் அவசரப்படுத்துவான், மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஸ்டாக்கிஸ்ட் கோபித்துக்கொண்டும் இருக்கிறார். ஃப்ரிட்ஜுக்குத் தனி ஜெனரேட்டர் லைன், வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி, ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பார்க்க ஓர் ஆள், இந்த மூன்றுக்கும் சண்டை போட்டு வாங்குங்கள்.

அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் தண்ணீர் ஆம்பூலும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை வார்டுகளிலிருந்து எடுத்து, பூட்டிய இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரோடு வைப்பது ஸ்டோர்காரரின் வேலை. போதைக்கும் பயன்படுத்தப்படக்கூடிய வலி மருந்துகளான மார்பின், ஃபென்டனில் இரட்டைப் பூட்டில் இருக்க வேண்டும், காலி ஆம்பூல் திரும்பி வந்தால்தான் புதியது.

2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இப்படி ஒரு செய்தி வந்த அரை மணி நேரத்தில் உங்களால் சொல்ல முடிய வேண்டும்: அந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) நம்மிடம் வந்ததா, எத்தனை பாட்டில், எந்த வார்டுக்குப் போனது, யார் வீட்டுக்குப் போனது. மருந்து இறங்கும் நாளில் பேட்ச் நம்பரைச் சோம்பல் இல்லாமல் பதிந்தவரால் மட்டுமே அது முடியும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரமற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதை எங்கள் இருப்போடு ஒப்பிடுவது என் மேஜையில் மாதம் ஒருமுறை தவறாமல் நடக்கும் வேலை.

இந்தத் தொழிலுக்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. வங்கிக் கணக்குபோல, ஒதுக்கிய தொகைக்குள் எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த மாதிரிகளைக் கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. தேவையைத் தீர்மானிக்கும் உரிமையை மருத்துவமனையிடமே விட்டது அதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம்.

பயிற்சிக்கு வந்த டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) மாணவி ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, சீட்டைப் பாத்து மருந்து எடுத்துக் குடுக்குற வேலைக்கா இவ்ளோ படிக்கிறோம்?" அவளை அன்று முழுக்க மருந்து இறங்கும் இடத்தில் உட்காரவைத்தேன். பில்லில் 100 என்று இருந்த பெட்டியில் 90 இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். இரண்டு மாதத்தில் எக்ஸ்பைரி ஆகும் ஆன்டிபயாடிக்கைப் புதுச் சரக்கோடு கலந்து தள்ளியிருந்ததையும் பிடித்தாள். சாயங்காலம் அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை, குறைந்த சரக்குக்கான பணத்தைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட் எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

டி.பார்ம் இரண்டு வருடம், பி.பார்ம் நான்கு, பார்ம்.டி ஆறு. எதை முடித்தாலும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு அவசியம். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பாருங்கள். தனியாரில் கவுன்டரில் தொடங்கி, ஸ்டோர், கொள்முதல், பிறகு மொத்தப் பொறுப்பு என்று ஏறலாம். எக்செலும் கூட்டல் கழித்தலும் பயமின்றி வர வேண்டும், போனில் பேசத் தெரிய வேண்டும். டி.பார்ம் முடித்ததும் வரும் 500 மணி நேரப் பயிற்சியைக் கையெழுத்துக்காக மட்டும் போகும் இடத்தில் வீணாக்காதீர்கள். அதில் ஒரு வாரமாவது ஸ்டோரில் சரக்கு இறங்கும் இடத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். போன முதல் நாளே அட்ரோபின் எத்தனை இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பாருங்கள், பிறகு ரேக்குக்குப் போய்க் கையால் எண்ணிப் பாருங்கள்.