வெள்ளை ஒயினைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு

பாரிஸில் ஓர் உணவகத்தில் சொமெலியேவாக இருக்கிறேன். விருந்தினருக்கு ஒயின் தேர்ந்து ஊற்றிக் கொடுப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி, கல்யாண நாளுக்கென்று பதினான்கு வருடம் பத்திரப்படுத்திய மெர்சோ (பிரான்ஸின் பர்கண்டிப் பகுதி வெள்ளை ஒயின்) பாட்டிலோடு வந்தார்கள். கார்க் உடையாமல் வந்தது. ஆனால் கிளாஸில் விழுந்தது வெளிர் பொன்னிறம் இல்லை, பால் விடாத டீயின் நிறம். முகர்ந்தேன்: நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள், சிக்கு வாடை அடித்த அக்ரூட். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

தவறு அவர்களுடையது இல்லை. பர்கண்டி வெள்ளை ஒயின்களில் 1995, 1996 அறுவடைகளிலிருந்து இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. இருபது வருடம் தாங்கும் என்று நம்பிய ஷார்டொனே திராட்சை ஒயின், காற்று பட்டு ஏழெட்டு வருடத்திலேயே கிழடு தட்டிவிடுகிறது. ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் அருமையாக இருக்கும், பக்கத்தில் இருப்பது செத்திருக்கும். காரணம் ஒன்றல்ல. எல்லா கார்க்கும் ஒரே அளவு காற்றை விடுவதில்லை. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்தார்கள். புதிய பிழிபொறிகள் மென்மையாகப் பிழிவதால், காற்றோடு மோதி ஒயினைக் காக்கும் பொருள்கள் சாற்றில் குறைந்தன. பீப்பாயின் அடிவண்டலை அதிகம் கலக்கியதையும் சொல்கிறார்கள்.

தயாரிப்பாளர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பர்கண்டியில் புலிஞி-மோன்ராஷே ஊரின் ஒயின் தயாரிப்பாளரான டொமேன் லெஃப்லேவ், 2014 அறுவடையிலிருந்து டியாம் கார்க்குக்கு மாறியது. கார்க்கைத் தூளாக்கி, சுத்தம் செய்து, அழுத்திச் செய்வது அது. 1997-இல் தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் என்ற இயற்கை விவசாய முறைக்குக் கொண்டுவந்த, 2015-இல் மறைந்த ஆன்-குளோட் லெஃப்லேவ் நடத்திய தோட்டம் இது. இயற்கைக் கார்க்கையே கௌரவமாகப் பார்க்கும் ஊரில், இவ்வளவு பெயர்பெற்ற இடம் மாறியதை நான் பெரிய துணிச்சலாகவே நினைக்கிறேன்.

ஆகவே வாங்கும்போது ஊர்ப் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அங்கே புகழ்பெற்ற மோன்ராஷே தோட்டமே சுமார் 8 ஹெக்டேர்தான், அதற்குள் பல உரிமையாளர்கள். லேபிளில் யார் பெயர் என்று பாருங்கள். ஆறு பாட்டில் இருந்தால் ஐந்தாம் வருடமே ஒன்றைத் திறந்து பாருங்கள். சமையலறை அலமாரி வேண்டாம். 12 டிகிரி, இருட்டு, படுக்கவைத்த பாட்டில்.

அப்புறம் ஒன்று. திறந்ததும் தீக்குச்சி உரசிய வாசனை வந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். அது காற்று பட்டுக் கெட்ட வாசனை இல்லை, நேர் எதிரானது. அகன்ற ஜாடியில் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.