அறுந்த பெல்ட்டை மாற்றினால் மட்டும் போதாது

சரக்கு விமானத்தில் லோடு ஏற்றும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது எத்தனை டன் தூக்கும்?" என்பதுதான். அந்த எடை எங்கே உட்காரப் போகிறது, தரையிறங்கும் வரை அங்கேயே இருக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

காலி விமானம், எரிபொருள், ஒவ்வொரு பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) என ஒவ்வொன்றின் எடையையும், ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். சி.ஜி. என்று சொல்வோம். அது முன்பக்கம் அதிகமாகப் போனால் மூக்கைத் தூக்குவது கஷ்டம். பின்பக்கம் போனால் மூக்கு தானாக எழும்பும், அதை அடக்குவது இன்னும் கஷ்டம். லோட் ஷீட்டில், அதாவது எடைக் கணக்குத் தாளில், உள்ள சி.ஜி.யை நம்பித்தான் விமானி வாலில் உள்ள ஸ்டெபிலைசர் என்ற கிடைமட்டச் சிறகின் கோணத்தை, அதாவது டிரிம்மை, வைக்கிறார். அவர் கீழே வந்து ஒவ்வொரு பேலட்டையும் தூக்கிப் பார்க்கப் போவதில்லை.

1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 புறப்பட்டவுடன் மூக்கு மேலே எகிறி விழுந்தது. விமானத்தில் இருந்த 4 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். சரக்கு ஏற்றிய விதத்தில் சி.ஜி. கணக்கில் இருந்ததைவிடப் பின்னால் போயிருந்தது, அதனால் டிரிம்மும் தவறு என்றது விசாரணை. காகிதத்தில் ஒன்று, விமானத்துக்குள் வேறு.

பாக்ராம் விபத்தின் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தான். நேஷனல் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு துபாய்க்குக் கிளம்பியது. உள்ளே 5 ராணுவக் கவச வாகனங்கள்: 12 டன்னில் இரண்டு, 18 டன்னில் மூன்று. விமானம் செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து, விழுந்தது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

"லோடு பின்னால் சரிந்தது, பேலன்ஸ் போய்விட்டது" என்றுதான் இன்னும் பலர் சொல்கிறார்கள். அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது அதைவிடக் கொடியது. குறைந்தது ஒரு வாகனம் பின்னோக்கி நகர்ந்து, பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரை உடைத்து, விமானத்தின் கட்டுப்பாட்டுப் பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புகளில் இரண்டையும், ஸ்டெபிலைசரை அசைக்கும் ஸ்க்ரூ அமைப்பையும் சிதைத்துவிட்டது. அதன் பிறகு விமானிகள் கையில் எதுவும் இல்லை. பாக்ராமில் நின்றபோதே, சரக்கைக் கட்டியிருந்த ஒரு பெல்ட் அறுந்திருந்ததைப் பற்றி விமானிகள் பேசியது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

பெல்ட் கணக்கை நாம் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறோம். 5,000 பவுண்ட் பெல்ட் என்றால் 2,268 கிலோ தாங்கும். அது இழுக்கும் திசையில் மட்டும். தரையோடு 60 டிகிரி கோணத்தில் கட்டினால் முன்பின் திசையில் அதன் பலம் பாதிதான், 1,134 கிலோ. லாரியில் கயிறு போடுவதுபோல மேலிருந்து கீழாக இறுக்கினால் சரக்கு மேலே எழும்பாது, ஆனால் வழுக்கும். 10 டன் இயந்திரத்தை அதன் எடையின் 1.5 மடங்கு விசைக்குப் பின்னால் நகராமல் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 கிலோ. அந்த 60 டிகிரியில் 14 பெல்ட் வேண்டும், அதுவும் ஒரு திசைக்கு மட்டும். முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் தனிக் கணக்கு. (மடங்கு விமானத்துக்கு விமானம் மாறும், அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள்.) தரையில் கொக்கி மாட்டும் இடத்தின் பலம் பெல்ட்டைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் கணக்கில் வர வேண்டும். பெல்ட்டை நெருக்கி நெருக்கிப் போட்டுவிட்டு "நிறையப் போட்டாச்சு" என்பதில் அர்த்தம் இல்லை.

சரக்கு அனுப்புபவர்களுக்கும் ஒன்று. எடையைக் குறைத்து எழுதாதீர்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டிகளைத் திரும்ப எடை போடச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

ராம்ப்பில், அதாவது விமானம் நிற்கும் தளத்தில், இருப்பவர்கள் ஏற்றும்போது முன்பக்கத்தில் தொடங்குங்கள், இறக்கும்போது பின்பக்கத்தை முதலில் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் விமானம் நின்ற இடத்திலேயே வாலில் உட்கார்ந்துவிடும். கடைசி நேரத்தில் இரண்டு பேலட்டை இடம் மாற்றினால் லோட் ஷீட் போடும் லோட் கண்ட்ரோலுக்கு உடனே சொல்லுங்கள், அப்புறம் சொல்லலாம் என்று விடாதீர்கள். பேலட்டைத் தரையோடு பிடிக்கும் ஒவ்வொரு லாக்கும் நிமிர்ந்து பூட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

வழியில் இறங்கிய இடத்தில் அறுந்த பெல்ட் கண்ணில் பட்டால், புதுசு ஒன்றை மாட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். அது ஏன் அறுந்தது, சரக்கு எவ்வளவு நகர்ந்தது, மீதிப் பெல்ட்டுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று முழுக்கணக்கையும் மறுபடி போடுங்கள். கணக்கு முடியும்வரை கதவை மூட வேண்டாம் என்று கேப்டனிடம் நேராகச் சொல்லுங்கள். தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று மேலாளர் கேட்டால், "லோடு பாதுகாப்பாக இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.