உங்கள் நோய் விவரம் யாருக்குத் தெரியலாம்?

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு நோயைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ. ஓ.பி. சீட்டுப் போடுகிற இடத்தில் "என்னம்மா செய்யுது?" என்று சத்தமாகக் கேட்டால், பின்னால் நிற்கிற மதினிக்கும் கேட்கும். அதனாலேயே வெள்ளைப்படுதலை வயிற்று வலி என்று சொல்லி, வேறு டாக்டர் அறை வாசலில் போய் உட்காருகிற பெண்கள் இருக்கிறார்கள். "பொம்பளை டாக்டரைப் பார்க்கணும், மத்ததை அவங்ககிட்டச் சொல்லிக்கிறேன்" என்று சொன்னால் போதும். தயங்கவே வேண்டாம்.

நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குவிதி. நீதிமன்றம் கேட்டால், இன்னொருவருக்குக் கடுமையான ஆபத்து என்றால், காசநோய் போல அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்றால் விதிவிலக்கு உண்டு. அரசுக்குத் தெரிவிப்பது வேறு, தெருவுக்குத் தெரிவது வேறு.

சில விஷயங்களில் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் இல்லாத எவரிடம் டாக்டர் சொன்னாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. 18 வயது நிரம்பிய பெண் என்றால் கருக்கலைப்புக்கு அவர் சம்மதமே போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் தகும். வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மனநலச் சிகிச்சை விவரங்களுக்கும் அதே ஆண்டில் வந்த தனிச் சட்டம் காவல்.

அப்புறம் ஆபா (ABHA) எண், அதாவது மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண். ஆதாரைக் கேட்டு, போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்டு, 14 இலக்க எண் ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். எதற்கு என்று கேட்காமலே பலர் சொல்லிவிடுகிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரே இடத்தில் பார்க்க அது உதவும், சரி. ஆனால் அது கட்டாயமில்லை. அந்த எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. எண் இருந்தாலும், இன்னொரு மருத்துவமனை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்க உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கொடுத்த அனுமதியை நீங்களே திரும்பப் பெறலாம்.

உங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகல் வேண்டுமா? கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டாக்டர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கும் எழுதலாம். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.